ஜாதிக்காய்த் தட்டு

நாட்டுமருந்துக் கடையில் கனகலட்சுமி ஒருத்திக்குத் திப்பிலி நிறுத்துக்கொண்டிருந்தபோது எதிர்த்த மெடிக்கலிலிருந்து ஜாய்ஸ் தெருவைக் கடந்து வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்தாள். இருமலுக்கு அதிமதுரம் கேட்டு வருவதானால்கூட அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வருகிறவள். கையிலிருந்த செல்போனை நீட்டினாள். அதில் ஒரு பாக்கெட்டின் படம். பாக்கெட்டின்மேல் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் வெள்ளைக் குதிரை.

"அக்கா, இது ஒங்க கடையில இருக்கா?"

இருந்தது. கீழ்த்தட்டில், கடுக்காய்ச் சாக்குக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஏஜென்ட் போட்டுவிட்டுப் போவது. நூறு சதவீதம் மூலிகை என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆண்களுக்கான மருந்து.

அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களாம், உள்ளே இங்கிலீஷ் மாத்திரையின் தூள் கலந்திருக்கிறதாம், யாரும் விற்கக் கூடாது என்று எச்சரிக்கை வந்திருக்கிறதாம். ஜாய்ஸ் குரலைத் தணித்துத்தான் சொன்னாள். கனகலட்சுமிக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை என்பதுதான் அவளுக்கே சங்கடமாக இருந்தது. அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் இருந்த காலத்தில் இந்தக் குறைக்கு அமுக்கராவும் பூனைக்காலி விதையும் நெருஞ்சிலும் இடித்துச் சலித்துத் தருவார். நாற்பத்தெட்டு நாள் பாலில் போட்டுக் குடிக்க வேண்டும், குடித்தாலும் ஆளைப் பொறுத்தது என்று சொல்லித்தான் தருவார். குதிரைப் பாக்கெட் அன்றைக்கே கேட்கிறது என்று வாங்கினவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். எந்த வேர் அன்றைக்கே கேட்டிருக்கிறது? யோசித்திருக்கலாம். விற்கிற பொருளைப் பற்றி அதிகம் யோசிக்க யாருக்கும் பிடிப்பதில்லை.

"வாங்குனது யாருன்னு தெரியுமாக்கா?"

"கையைத்தான் தெரியும்."

ஜாய்ஸுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

சௌந்தரபாண்டியன் போன பிறகு அவள் கடையில் உட்கார்ந்தபோது, பேதிக்கும் பித்தத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். இந்தச் சங்கதிக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு பொம்பளையிடம் எப்படிக் கேட்பது? படியேறி வந்து, அவளைக் கண்டதும் சுக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. வடக்கு ரத வீதியில் அந்த வருஷம் நிறையச் சுக்கு விற்றது. பிறகு ஒருநாள் யாரோ ஒருவர், கல்லாவுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் குவித்திருந்த ஜாதிக்காயில் ஒன்றை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜாதிக்காய் எதற்கு ஆகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்தபடியே பாக்கெட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். அவர் ஜாதிக்காயைத் தட்டில் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். யார் யாருக்குச் சொன்னார்களோ, எல்லாரும் அப்படியே செய்தார்கள். அவளும் நிமிர்ந்ததில்லை. முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் அவள் அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தாள்.

அதனால் அவளுக்குக் கைகள் தெரியும். சாயம் ஏறிய நகங்கள். சுண்ணாம்பு காய்ந்த ஒரு விரல். கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்துபோன கை. போன மாதம் வந்த ஒரு கை, மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, அதைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. தறியில் அடிபட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

இதைச் சொன்னதும் ஜாய்ஸ் போனை மடியில் வைத்தாள்.

"அது தறி அடிச்சதில்லக்கா. மணிக்கட்டு வழியா ஒயர் விட்டு நெஞ்சுக்குழாயைப் பாப்பாங்க. அந்தத் தழும்பு." குரலை இன்னும் தணித்து, "அந்த ஆளு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை வச்சிருப்பாரு. இதையும் தின்னு அதையும் வச்சா பிரஷர் அப்படியே எறங்கிரும். ஆளு போயிருவாரு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தப்ப வழியில்லை, அங்கேயும் டாக்டரிடம் இதைத் தின்றேன் என்று வாய் திறக்க மாட்டார்கள், அவரும் தெரியாமல் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார் என்றும் சொன்னாள்.

கனகலட்சுமி தராசில் கிடந்த திப்பிலியைத் திரும்பச் சாக்கில் கொட்டினாள். திப்பிலி கேட்டவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது மறந்துவிட்டது.

நெஞ்சுக்கு ஆஸ்பத்திரி போய்வந்தவர் என்று யோசித்ததும் அவள் நினைவுக்கு வந்தவர் சண்முகையா. பின்தெருவில் தறி போட்டிருப்பவர். போன மாதம்தான் திருநெல்வேலியில் படுத்திருந்து வந்தார். மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு, ஒரு பாக்கெட்டை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகி நடந்தாள். பின்தெருவில் தறிச்சத்தம் எப்போதும்போல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்பது வாசலுக்கு வந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

சண்முகையாவின் பெண்சாதி முத்துத்தாய் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாளே என்று பதறி எழுந்தாள். கனகலட்சுமி சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தாள். அண்ணாச்சி எங்கள் கடையில் ஒரு சாமான் வாங்கினார்கள், அது சரியில்லாத சாமான், திங்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன் என்றாள். முத்துத்தாய் என்ன சாமான் என்றாள். கனகலட்சுமி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினாள். பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள்.

முத்துத்தாய் குதிரையைப் பார்த்தாள். உள்ளே புருஷன் படுத்திருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குதிரையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

"ஏட்டி, யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒங்களுக்குக் குதிரை வந்திருக்கு. ஏறி வாங்க."

சண்முகையா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டு இரண்டும் சுத்தமாக இருந்தன. அவருக்குத் தொடை வழியாகத்தான் ஒயர் விட்டார்களாம். இந்த இரண்டு வீட்டுப்படி ஏறவே நடுவில் உட்கார்ந்து எழும்புகிறவருக்குக் குதிரை எதற்கு என்று முத்துத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கனகலட்சுமிக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிக்கச் சொன்னாள். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். தன் சட்டைப் பையைத் தடவி அங்கே மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"என்னையத் தேடி வந்து சொல்லிட்டீக தாயி. வாங்குனவன்ட்ட யாரு சொல்லுவா?"

முத்துத்தாயின் சிரிப்பு அதோடு நின்றது.

ஆம்பிளைகளிடம் போய்ப் பேசிப் பிரயோசனமில்லை, நான் பொம்பளைகள் காதில் போடுகிறேன் என்று அவள்தான் சொன்னாள். சொன்னபடி செய்தாள். குழாயடியில் போட்டாளோ, பூ மார்க்கெட்டில் போட்டாளோ, ரேஷன் கடை வரிசையில் போட்டாளோ, மறுநாளே பாக்கெட்டுகள் வர ஆரம்பித்தன. எந்தப் பெண்ணும் நேரே கொடுக்கவில்லை. மிளகு கேட்பாள், ஓமம் கேட்பாள். பையை நீட்டும்போது அடியில் அது இருக்கும். ஒருத்தி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். அரிசி டிரம்மில் கிடந்தது என்றாள் ஒருத்தி. அவள் பின்னால் நின்றவள், "எங்க வீட்டுல கோமதியம்மன் படத்துக்குப் பின்னால வச்சிருந்தாகக்கா. அவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்றாள். சிரித்தாலும் சில பேர் முகத்தில் வேறு ஏதோவும் இருந்தது. தன்னிடம் சொல்லாமல் ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் கவலைப்பட்டிருக்கிறான் என்பது படத்துக்குப் பின்னாலிருந்து வந்தால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கனகலட்சுமி ஒவ்வொருத்தியிடமும், வீட்டில் நெஞ்சுக்கு மாத்திரை உண்டா, கையில் ஒயர் விட்டார்களா என்று கேட்டாள். ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லவில்லை.

மருந்து இன்ஸ்பெக்டர் வந்து மிச்சப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் கையெழுத்துப் போட்டாள். அத்தோடு முடிந்தது என்று ஜாய்ஸ் சொன்னாள். கனகலட்சுமிக்கு முடியவில்லை. யாராவது படியேறினால் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வந்தவர்கள் மிரண்டு பெருங்காயம் கேட்டார்கள். பேப்பரில் கடைசிப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி படங்களைத் தினமும் பார்க்கத் தொடங்கினாள். பார்த்து என்ன தெரியும்? அவற்றில் எல்லாருக்கும் முகம்தான் இருந்தது. தட்டிலிருந்த ஜாதிக்காயை மட்டும் அவள் எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் அந்தக் கை எதைத் தேடி வரும்?

ஆடித் தபசுக்குச் சப்பரம் கட்டினதெல்லாம் பிரித்து, ஆவணி முடிந்து, புரட்டாசி வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கை வந்தது. அவள் வசம்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். டக்கென்று ஒரு ஜாதிக்காய் பலகையில் உட்கார்ந்தது. பிளாஸ்திரி இல்லை. ரத்தக்கட்டும் மறைந்து போயிருந்தது. மணிக்கட்டில் ஊசி போன இடத்தில் எள்ளுப்போல ஒரு புள்ளி.

அவள் நிமிர்ந்தாள்.

அறுபது வயதிருக்கும். அன்றைக்குத்தான் சவரம் செய்த முகம். தேய்த்த சட்டை. இன்னொரு கையில் வாழையிலையில் பொதிந்த மல்லிகைப் பூ. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பாக்கெட் வர நேரமாகிறதே என்று கண்ணைத் தாழ்த்தினார். அவள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் ஜாதிக்காயை எடுத்துத் தட்டில் போடக் கையை நீட்டினார்.

"போயிராதீக அண்ணாச்சி. நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கீகளா?"

அவர் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததைத் தெளிவாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பாக்கெட்டுக்குள் என்ன கலந்திருந்தது, மாத்திரையோடு அது சேர்ந்தால் என்ன ஆகும், டாக்டரிடம் எதை மறைக்கக் கூடாது, எல்லாம். அந்த வார்த்தைகளை ஓர் ஆம்பிளையிடம் அவள் பேசியது அதுவே முதல் தடவை. 

அவர் வாசுதேவநல்லூர். சொந்த ஊரில் கேட்க முடியாமல்தான் பஸ் ஏறி இங்கே வருகிறார். போன தடவை அதைத் தின்ற மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வெயில் என்று நினைத்து ஒரு சோடா குடித்தாராம். நல்லவேளை, அன்றைக்கு மாத்திரை வைக்கவில்லை. இதையெல்லாம் தராசைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்ததுபோல் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டோடு சேர்ந்து வந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி வெட்டின அட்டை. அதை ஜாதிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். பூவை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆனியிலதான் எனக்கு ரெண்டாங் கல்யாணம் ஆச்சு" என்றார். "அவளுக்கு நெஞ்சு வலி வந்த கதையே தெரியாது." ஜாதிக்காயையும் அட்டையையும் விரலால் காட்டினார். "இதுல எதை விடச் சொல்லுதீக?"

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர்த்த கடையில் ஜாய்ஸ் யாருக்கோ மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி இங்கே பார்த்தாள். கனகலட்சுமி, அந்தா அந்தப் பிள்ளையிடம் கேட்டால் எந்த டாக்டர் என்று சொல்லும், கூச்சப்படாமல் கேளுங்கள், நானும் கூட வருகிறேன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா என்று தெரியவில்லை.

"ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"தங்கப்பழம்."

அவர் மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டார். ஜாதிக்காயை எடுத்துத் தட்டுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு அதைப் போடாமல் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு படியிறங்கினார். தெருவோரத்தில், வலது பக்கம் பஸ் ஸ்டாண்டும் எதிரே மெடிக்கலும் இருக்கிற இடத்தில், ஒரு கையில் பூவும் ஒரு கையில் ஜாதிக்காயுமாக, வண்டிகள் விலகட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.