சான்று தேவை

சுலோச்சனா ஒன்பது வருடங்களாக இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிவந்தாள். பகலில் தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் அடையாறு வீட்டுக்கு வந்து அடுப்பு வேலையை முடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் கணினிதான். அங்கே அவள் பெயர் வெள்ளெருக்கு. போகிற போக்கில் யாரோ எழுதிவைத்த கட்டுரைகளில் தேதியைத் திருத்துவாள், ஊர்ப்பெயரைத் திருத்துவாள், ஆதாரமில்லாத வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டு வருவாள். வெள்ளெருக்கு யார் என்று அவள் கணவர் தனபாலனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் அதில் அக்கறை கிடையாது.

தி.நகரில் இருக்கும் மணிமாலை ஜவுளி மாளிகையைப் பற்றிய கட்டுரை அவள் கண்ணில் பட்டது ஒரு தற்செயல்தான். '1991இல் நடந்த தீ விபத்தில் உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று ஒரு வரி. அதற்குச் சான்று, கடைக்காரர்களே அச்சிட்ட பொன்விழா மலர். அவளுக்குச் சுருக்கென்றது. தன் கடையைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட மலர் எப்படிச் சான்றாகும்?

ஒரு நாள் விடுப்பு எடுத்து, பழைய நாளிதழ்களைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் ஒரு நூலகத்துக்குப் போனாள். தும்மித் தும்மிப் புரட்டியதில் ஒரு மாலைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு, விற்பனைப் பெண்கள் தங்கும் மூன்றாவது மாடியில் தீ. ஒருத்தி பலி. பெயர் தங்கபுஷ்பம், வயது பத்தொன்பது, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். உடலை அண்ணன்கள் இருவர் வந்து வாங்கிக்கொண்டார்கள். சுலோச்சனா கைப்பேசியில் படமெடுத்து, அதைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றி, வரியை மாற்றினாள். செத்துப்போன ஒரு பெண்ணுக்கு ஏதோ செய்துவிட்டதுபோல இருந்தது.

பதினோரு நிமிடத்தில் அந்த வரி பழையபடி ஆனது. மாற்றியவர் பெயர் நடுநிலையன்.

மூன்று வாரம் சண்டை நடந்தது. அவள் எழுதுவாள், அவர் அழிப்பார். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவர் மரியாதையாகத்தான் எழுதினார். அதுதான் அவளுக்கு எரிந்தது. 'மூலத்தை முழுதாகப் படித்தீர்களா? உடல் அடையாளம் தெரியாமல் கருகியிருந்தது என்று அதே செய்தி சொல்கிறது. பிறகு எப்படிப் பெயர் தெரிந்தது? அவசரத்தில் அச்சிட்ட மாலைப் பத்திரிகையை நம்பி ஒரு நிறுவனத்தின் மேல் சாவைச் சுமத்தலாமா?'

கேள்வி நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. யோசிக்காமல் எழுதிவிட்டாள்: 'வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பத்தின் ஊருக்கே போகிறேன். அண்ணன்களைப் பார்த்து இறப்புச் சான்றிதழோடு வருகிறேன்.'

மறுநாள் மத்தியானம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் பெயரில்லை.

'சுலோச்சனா மேடம், ஊருக்குப் போகாதீர்கள். தேனாம்பேட்டையில் 5.40க்குப் பஸ் ஏறுகிறீர்கள், ஜன்னல் ஓரமாக உட்காருகிறீர்கள். இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.'

கையிலிருந்த சோதனைக் குழாயை அவள் மெதுவாகத் தாங்கியில் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும். வெள்ளெருக்கு என்று எழுதியவளுக்குச் சுலோச்சனா என்று கடிதம். கடைக்காரர்கள்தான், வேறு யார்? பெரிய கடை, ஆள்பலம் உள்ளவர்கள். ஆனால் பெயர் எப்படித் தெரிந்தது?

அன்றிலிருந்து பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அதே பஸ்ஸில் வந்தான். இரண்டாம் நாள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். அவனும் இறங்கினான். தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அவள் ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கியபின் எழுந்து நடந்தாள்.

"இன்னா, கதவ பூட்டிட்டு பூட்டிட்டு இழுத்துப் பாக்கற?" என்று தனபாலன் கேட்டார்.

"தெருவுல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சாம்."

உண்மையைச் சொன்னால் கணினியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். அதோடு போனால் பரவாயில்லை, நேரே அந்தக் கடைக்குப் போய்ச் சத்தம் போடுவார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வரவேற்பில் இருக்கும் தமிழ்நிலா உள்ளே எட்டிப்பார்த்தாள். "மேடம், ஒரு அம்மா உங்க கையாலதான் ரத்தம் குடுப்பேன்னு அடம் புடிச்சிக்கினு இருக்காங்க. இந்தாங்க சீட்டு."

சீட்டில் நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தது: தங்கபுஷ்பம், வயது 53.

சுலோச்சனாவுக்குக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. யாரோ மிரட்டலை நேரில் கொண்டுவந்திருக்கிறார்கள், செத்தவள் பெயரை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். கத்திக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் திரை விலகியது. கறுப்புப் புர்கா அணிந்த ஒல்லியான பெண்மணி. பின்னால் அவருடைய மகள், கழுத்தில் அலுவலக அட்டையோடு.

பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து, புர்காவை முழங்கைக்கு மேல் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எந்தத் தீத்தழும்பும் இல்லை.

"பயப்படாதம்மா. உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகம்," என்றார். "இந்தப் பேரை முப்பத்தினாலு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் எழுதுறேன். உன்னை உள்ள வந்து பாக்க வேற வழி தெரியல."

மகள் நிஷா தலைகுனிந்து நின்றாள். "சாரி மேடம். மெயில் போட்டது நான்தான். அம்மாவோட பழைய பேரை நெட்ல தேடினப்போ அந்தப் பக்கம் வந்துச்சு. உங்க ஃபோட்டோ ஓரத்துல உங்க ஐடி கார்டு தெரிஞ்சுது. நாலு நாள் உங்க பின்னாடியே வந்தேன். மிரட்டணும்னு இல்ல. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

சுலோச்சனாவுக்கு நினைவு வந்தது. நூலக மேசையில் நாளிதழ் மடங்காமல் இருக்க அவள் பாரமாக வைத்தது தன் அடையாள அட்டையைத்தான்.

"அப்போ… எரிஞ்சு போனது யாரு?"

அதுவரை சென்னைப் பேச்சாக இருந்த அந்த அம்மாவின் பேச்சு, அந்தக் கேள்வியில் உடைந்து திருநெல்வேலிப் பேச்சானது. "முத்துலட்சுமி. பதினாறு வயசு. வந்து நாலு நாள்தான் ஆச்சு, ரிஜிஸ்டர்ல பேரு ஏறல. சித்தி வளத்த பிள்ள, தேடி வர ஒரு நாதியில்ல. அன்னிக்கு வெள்ளன, தீ பிடிக்கதுக்கு முன்னாலயே நான் பின்பக்க ஏணி வழியா எறங்கிட்டேன். எங்க கடையில தைக்கிறவரு, ஷரீஃப்னு பேரு, என்னக் கூட்டிட்டுப் போகக் கீழ நின்னாரு. என் பாயில அந்தப் பிள்ள தூங்கிட்டுக் கெடந்தா. குளிருதுன்னு என் தாவணியப் போத்திக்கிட்டா. அதுல எரியாம மிஞ்சின துண்ட வச்சுத்தான் எங்கண்ணன்மாரு அடையாளம் சொன்னாவ."

"நீங்க உயிரோட இருக்கறது அவங்களுக்கு…"

"செத்துட்டேன்னு அழுதாவ. அதுக்கு ஒரு வருசம் முன்னால எங்க சித்தப்பா மக ஒருத்தி இப்படித்தான் போனா. அவளத் தேடிப் பிடிச்சுக் கெணத்துல போட்டாவ. அங்க நீ போயி, பொணத்த எப்படி அடையாளம் கண்டீங்கன்னு கேட்டுரக் கூடாது. பெரியவன் இன்னும் இருக்கான். அவன் மவனுங்க இருக்கானுவ. நிஷாவுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா."

ரத்தம் எடுப்பதுபோல் பட்டையைக் கட்டினாள் சுலோச்சனா, வெளியே தமிழ்நிலா நின்றிருந்ததால். ஊசி போடவில்லை. அந்த மெலிந்த கையின் நாடி அவள் விரலுக்கடியில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சமைக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அவளிடம் இப்போது உண்மை இருந்தது. எழுத முடியாத உண்மை. வாய்ச்சொல் சான்றாகாது என்று மற்றவர்களுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறாள்! அப்படியே எழுத முடிந்தாலும் ஒரு குடும்பம் குலைநடுங்கும். சரி, பேசாமல் விட்டுவிடலாம் என்றால் நடுநிலையன் விடுவதாயில்லை. 'ஊருக்குப் போகிறீர்களா? இல்லையென்றால் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது, நானே விசாரிக்கிறேன். யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும்' என்று எழுதியிருந்தார்.

அந்த மனிதருக்கு யார்மேலும் பகையில்லை, துல்லியம் வேண்டும், அவ்வளவுதான். போன வாரம்வரை அவளும் அப்படித்தான் இருந்தாள்.

விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிவிட்டு எழுதினாள்: 'நீங்கள் சொன்னதே சரி. மாலைப் பத்திரிகைச் செய்தி நம்பகமானதல்ல. என் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன். படத்தையும் நீக்கக் கோருகிறேன். யாரும் ஊருக்குப் போகத் தேவையில்லை.'

பிறகு தன் கையாலேயே அந்த வரியைப் பழையபடி வைத்தாள். உயிர்ச்சேதம் ஏதுமில்லை. முத்துலட்சுமி இரண்டாம் தடவை இல்லாமல் போனாள். சுலோச்சனா முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தனபாலன் வந்து, "தலைவலியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார்.

நடுநிலையன் நன்றி சொல்லியிருந்தார். பயணத்தைக் கைவிட்டாராம். அவளுக்கு மூன்று நாள் நல்ல தூக்கம் வந்தது.

நாலாம் நாள் உரையாடல் பக்கத்தில் புதிய பயனர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குமுன் அவர் எங்கேயும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

'வணக்கம். தங்கபுஷ்பம் என் அத்தை. நீங்கள் இருவரும் வாதாடியதைப் படித்து அப்பாவுக்குக் காட்டினேன். உடல் யாருடையது என்ற சந்தேகம் எதனால் வந்தது? உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா? அப்பா கேட்கச் சொன்னார்.'

பாசத்தில் கேட்கிறானா, வேறு எதற்காகவாவதா? எழுத்தில் அது தெரியவில்லை. அவள் அந்த ஐந்தாறு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். 'அப்பா கேட்கச் சொன்னார்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றாள்.

அரைமணி நேரம் கழித்துப் பதில் எழுதினாள். 'தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். சந்தேகப்பட எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் அத்தை அந்தத் தீயில் இறந்துவிட்டார். நாங்கள் வாதாடியது கட்டுரை எழுதும் விதிகளைப் பற்றித்தான்.'

பழைய வரியைத் திருப்பி வைத்ததை விட்டுவிட்டால், ஒன்பது வருடத்தில் பொய் என்று தெரிந்தே அவள் சொந்தமாக எழுதிய முதல் வரி அது. பொத்தானை அழுத்திவிட்டு, அன்று வாங்கி வைத்திருந்த எண்ணில் நிஷாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவைதான் எடுத்தாள்.

"நிஷா, அம்மா வீட்லதான இருக்காங்க?"

"இருக்காங்க மேடம். ஏன்?"

"கொஞ்ச நாளைக்கு வெளிய அனுப்பாத," என்று மட்டும் சொன்னாள்.