கவையில் சிக்கிய உப்புப் பை

பங்குனி மாதத்தில் உப்பளத்துக்காரர்கள் காதில் விழும்படி மழை என்று சொன்னால் அடிக்கவே வந்துவிடுவார்கள். நான் அன்றைக்கு அதைத்தான் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. மனசுக்குள் மாதாவிடம் கேட்டேன்.

மரக்காணத்தில் ராமதாஸ் என்பவருடைய உப்பளம். ரோட்டோரக் கரையில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஓட்டுக் கொட்டகை. பாத்தியில் வேலை செய்யும் பெண்கள் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டுக் கண்ணயர்வார்கள். கார்த்திகைப் புயலில் முறிந்த கிளை ஒன்று கீழே விழாமல் பக்கத்துக் கிளையில் சாய்ந்து, கொட்டகைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது மெல்ல இறங்க ஆரம்பித்துவிட்டதால் யாரையும் அடியில் விடவில்லை. பெண்கள் உப்பு லாரியின் நிழலில் ஒண்டிக் கிடந்தார்கள்.

அந்தக் கிளையை ஓடு உடையாமல் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அதற்குத்தான் நானும் என் வீட்டுக்காரர் சார்லஸும் வந்திருந்தோம். அவர் ஏறி வெட்டுவார், நான் கீழே கயிறு பிடிப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரம்மதேசத்தில் ஒரு புளியமரத்திலிருந்து விழுந்து அவர் இடுப்பில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து ஒரு சத்தியம் செய்தார். கீழே நின்றே கயிறு போட்டு, கீழே நின்றே பாரம் கொடுத்துப் பார்த்து, மரம் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் காலை வைப்பாராம். சார்லஸ் தங்கமான மனுஷன். மரத்தைக் கண்டால் மட்டும் புத்தி குரங்காகிவிடும். அதனால் சத்தியத்தை அவரிடம் விட்டுவைக்காமல் நானே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

கீழிருந்து கயிறு போடுவது ஒன்றும் மாயமில்லை. கைப்பிடி அளவு கனமான பையில் மெல்லிய நைலான் சரடைக் கட்டி உச்சியில் கிளை இரண்டாகப் பிரிகிற கவைக்கு மேலே வீச வேண்டும். பை அந்தப் பக்கம் இறங்கியதும் சரடில் தடித்த கயிற்றைக் கட்டி, கப்பியோடு மேலே இழுத்துக்கொள்ளலாம். எங்களுடைய ஈயக்குண்டுப் பை கூனிமேட்டில் ஒரு ஆலமரத்தோடு தங்கிவிட்டது. அதற்குப் பதில் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி நான் ஒரு பை தைத்திருந்தேன். இங்கே உப்புக்கா பஞ்சம்? அதில் கல்லுப்பை இறுக்கி நிரப்பினோம்.

வீசியது நான்தான். எனக்குக் குறி தப்பாது, சார்லஸே ஒத்துக்கொள்வார். பை அழகாக எழும்பி உச்சிக் கவையைத் தாண்டிப் போனது. போனது அங்கேயே நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இருந்த இன்னொரு கவையின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு சரடுதான்.

ராமதாஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்பா, ஏறி எடுக்க ரெண்டு நிமிஷம் ஆவுமா? உன்னால முடியலன்னா சொல்லிடு, நாளைக்கு வேற ஆள வர சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சொல் சார்லஸைச் சுட்டுவிட்டது. இடுப்பு பெல்ட்டை எடுத்து மாட்டிக் கொக்கியைப் போட்டார்.

"மரம் பச்சையாத்தான் இருக்குது ஜெனி. அந்தக் கவை மேல நின்னு கையால தட்டி விட்டுட்டு வந்துடறேன்."

"ஏறுங்க. நீங்க ஏறுனா இந்தக் கயித்த இங்கயே போட்டுட்டு நான் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்" என்றேன்.

அவர் ஏறவில்லை. பெல்ட்டையும் கழற்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கரையில் உட்கார்ந்தோம். இந்த மனுஷனை இன்னொரு முறை துணிப்பொட்டலமாகத் தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது.

மதியம் நகராமல் நின்றது. உப்புக் குவியல்களிலிருந்து எழுந்த வெளிச்சத்தில் தூரத்துப் பனைமரங்கள் அடியில்லாமல் மிதந்தன. பூநாரைகள் ஒற்றைக்காலில் உறங்கின, அல்லது உறங்குவது போல எனக்குத் தோன்றியது. கடல் எங்கேயோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பாத்தியில் நடந்த பெண்கள் வானத்தின் மேல் நடப்பது போலிருந்தார்கள். எனக்கும் கண் செருகியது. அந்த அரைமயக்கத்தில்தான் கேட்டேன், மாதாவே, கொஞ்சம் மழை. உப்புதானே, கரைந்துவிடும்.

முதலில் மரம்தான் அறிந்தது. தெற்கே கறுத்ததும் இலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு தூங்கத் தொடங்கியது. பிறகு இடியில்லாமல், காற்றில்லாமல், யாரோ சொல்லி அனுப்பியது போல மழை இறங்கியது. பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு குவியல்களை மூட ஓடினார்கள். பாத்தியில் விளைந்து கிடந்ததை மூட முடியுமா? அது அப்படியே தண்ணீராகப் போனது. அவர்களில் மூத்தவளான ஆண்டாள் நனைந்துபோய் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு வாய் முகூர்த்தமோ, பெஞ்சிடுச்சு" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிச் சரடின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். சரடு வழியே வழிந்து வந்த தண்ணீர் என் மணிக்கட்டில் இறங்கியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது, சந்தோஷப்படாமலும் இருக்க முடியவில்லை.

மழை விட்டபோது பை பாதியாகச் சுருங்கியிருந்தது. மெல்லச் சுண்டினேன். இடுக்கிலிருந்து நழுவி, மிச்ச உப்பின் கனத்தில் தொங்கித் தொங்கி இறங்கி வந்தது. சார்லஸ் அடியில் போகாமல் நீளமான மூங்கில் கொக்கியால் அதைத் தன் பக்கம் இழுத்தார். தடித்த கயிறும் கப்பியும் ஏறின. தடித்த கயிற்றின் நுனியை அடிமரத்தில் கட்டினோம். கப்பியில் முன்பே கோத்திருந்த இன்னொரு கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, மரத்தின் உயரத்துக்கும் அதிகமாகவே விலகிப் போனோம்.

இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

"தாங்குது பாத்தியா?" என்றார் சார்லஸ். கண் அதற்குள் மேலே ஏறிவிட்டது.

"உங்க கனம் மட்டுமா? வெட்டுனா அந்தக் கிளையும் சேந்து தொங்கும். இன்னும் ஆளு வேணும்" என்றேன்.

வேலை கெட்டுப்போய்ச் சும்மா நின்ற பெண்களைக் கூப்பிட்டேன். மழைமேல் இருந்த கோபத்தை எல்லாம் அந்தக் கயிற்றில் காட்டினார்கள். ஆண்டாள் ஏலேலோ என்று குரல் கொடுத்தாள், எல்லோரும் சிரித்தபடி பின்னால் சாய்ந்தோம். மூன்றாவது இழுப்பில் கயிறு சட்டென்று இளகியது. மொத்தக் கூட்டமும் சேற்றில் மல்லாந்தோம். உச்சிக் கவை பிளந்து, நாங்கள் இறக்க வந்த கிளையையும் அடித்துக்கொண்டு, கொட்டகை மேல் விழுந்தது. சத்தம் அடங்கிய பிறகும் ஓட்டுச்சில்லுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன.

கிட்டே போய்ப் பார்த்தோம். வெளியே பச்சைப் பட்டை, இலை எல்லாம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, கறுப்பாகப் பொடிந்துபோன பொந்துதான். பை சிக்கியிருந்த கவையும் அதோடு வந்து கிடந்தது. அதன் பொந்துக்குள் என் கையை முழங்கை வரை விட முடிந்தது.

ஆண்டாள் அந்தப் பொந்தைப் பார்த்தாள். பிறகு சார்லஸின் இடுப்பில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தாள்.

"தம்பி இதுமேலதான் ஏறி நிக்கறதா இருந்துச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, மழைய வேண்டிக்கிட்டது நான்தான்" என்றேன்.

ஆண்டாள் வெள்ளமாகிப்போன பாத்திகளைப் பார்த்தாள். மேகம் விலகி, அதில் வானம் முழுசாகக் கிடந்தது. "உப்பு மறுபடி விளையும் போ" என்று சொல்லிவிட்டு, புடவையைப் பிழிந்துகொண்டு மற்றவர்களிடம் போய்விட்டாள்.

சார்லஸ் மத்தியானம் மாட்டிய பெல்ட்டை அப்போதுதான் கழற்றப் பார்த்தார். கொக்கி அவர் கைக்கு அகப்படவே இல்லை. நான்தான் கழற்றிவிட்டேன்.