குகநாதனுக்கு ஒரு மாலை

"டேய், என்னை உயிரோடை கொன்றுபோட்டானடா!"

குகநாதன் போட்ட சத்தத்தில், தட்டுக் கழுவிக்கொண்டிருந்த மகேஸ்வரன் ஈரக் கையோடு ஓடி வந்தான். சுவிசின் சூக் நகரத்து ரெஸ்டாரண்ட் சமையலறையில் மதிய வேலை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

சுவரில் சாய்த்துவைத்த ஓவியத்துக்குப் பக்கத்தில் குவாபெனா நின்றான். கானாவில் லொறிகளின் முதுகிலும் சலூன் பலகைகளிலும் படம் கீறிப் பழகியவன். எண்பத்து நாலில் சுவிசுக்கு வந்து, இரண்டு வருடமாக இங்கே உருளைக்கிழங்கு உரிக்கிறான். ஓய்வில் அவன் கீறியதைப் பார்த்துவிட்டு, ஃப்ராவ் ஈட்டன் என்ற கலைக்கூடக்காரி முதல் கண்காட்சிக்கு இடம் கொடுத்திருந்தாள். முகப்புச் சுவருக்கு மட்டும் பெரிய படம் ஒன்று கேட்டிருந்தாள்.

அதுதான் இது. பச்சைச் சட்டையில் குகநாதன், கையில் அகப்பை, கழுத்தில் கொழுத்த பூமாலை.

"அண்ணை, பிடிக்கேல்லையோ?" சமையலறையில் பொறுக்கிய தமிழில் குவாபெனா கேட்டான். "உங்கட அறையில அப்பா படம். அதில மாலை. பெரிய மனுசருக்குத்தானே மாலை?"

"அப்பா செத்துப்போனாரடா! செத்தவையின்ரை படத்துக்குத்தான் மாலை. எங்கட சனம் பாத்தால் ஊருக்குக் கடிதம் பறக்கும். அம்மா ஒப்பாரி வைப்பா. இதைத் தொங்கவிட நான் விடமாட்டன்!"

குவாபெனாவின் முகம் வாடியது. நாளைக்குக் கண்காட்சி. மாலையை அழித்தால் பாதிப் படம் போய்விடும். புதிதாகக் கீற நேரமில்லை.

மகேஸ்வரன் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தான்.

"உயிரோடை இருக்கிறவனுக்கும் மாலை போடுறதுதானே, அண்ணை?"

"ஆருக்கு?"

"மாப்பிளைக்கு! ஒரு தலைப்பா கட்டிவிட்டால் நீங்கள் நேரே மணவறைதான்."

நாற்பதை எட்டியும் பெண் அமையாத குகநாதனின் மீசை மெல்ல ஏறியது.

"சரிகைக் கரையும் வைக்கச் சொல்லு."

மகேஸ்வரன் மேசைத் துணியை உதறி அவன் தலையில் சுற்றினான். குவாபெனா தூரிகையைத் தேடி ஓடினான்.

மறுநாள், ஈரம் காயாத தலைப்பாவோடு குகநாதன் முகப்புச் சுவரில் ஏறினான். வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால்தான் மொய்த்தார்கள். ஃப்ராவ் ஈட்டன் சிரித்துக்கொண்டே வந்து, சட்டத்தின் ஓரத்தில் சிவப்பு வட்டம் ஒன்றை ஒட்டினாள்.

"இதென்ன?" என்றான் குகநாதன்.

"படம் வித்துப்போச்சு அண்ணை! லூசேர்ணிலயும் கண்காட்சி வைக்கப் போறாவாம். இன்னும் படம் கேக்கிறா!" குவாபெனா அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

"இறக்கடா! மாலை போட்டாய், தலைப்பா கட்டினாய், இப்ப பொட்டும் வைச்சாச்சு." குகநாதன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "லூசேர்ணுக்குப் பொம்பிளையையும் கீறிக்கொண்டு வா!"