கணக்கு வகுப்பு நின்றுபோன காரணம்

ஜெயசித்ரா பின்னக் கணக்கை எப்போது ஆரம்பித்தாலும் பாதியில் திரை மூடிக்கொண்டது. முதலில் படம் உறையும். பிள்ளைகளின் முகங்கள் வாய் திறந்தபடி நிற்கும். பிறகு பிரௌசர் மொத்தமாக மறைந்து, பின்னால் இருக்கும் நீல நிற வால்பேப்பர் மட்டும் தெரியும். மறுபடி திறந்து, மறுபடி உள்ளே நுழைவதற்குள் ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேர் எழுந்து போயிருப்பார்கள்.

பாடாலூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருந்தது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். கணவன் ரஞ்சித்குமார் தோஹாவில் ஏசி மெக்கானிக். போன முறை லீவில் வந்தபோது அவன்தான் திருச்சிக்குப் போய் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவந்தான். மேலே வைக்கிற கேமராவை மட்டும் தோஹாவிலிருந்தே கொண்டுவந்திருந்தான். "படிச்ச படிப்பை ஏன் சும்மா வெச்சிருக்க? வூட்ல இருந்தே கிளாஸ் எடு" என்றான். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே மாட்டி, உள்ளறையில் மேசை போட்டு வைத்து, "இதை எப்பவும் ஆஃப் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரில் வெளிநாடு போன எந்தப் பிள்ளையும் பெண்டாட்டிக்கு அப்படிச் செய்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

மாமியார் கொளஞ்சியம்மாள் புன்செய்க் காட்டில் சின்ன வெங்காயம் பயிர் போட்டிருந்தாள். காலையில் காட்டுக்குப் போனால் உச்சிக்கு வருவாள். கை கால் கழுவி, உள்ளறையில் சேலை மாற்றி, அங்கே இருக்கும் ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் படுப்பாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய ஒட்டுதலும் இல்லை, சண்டையும் இல்லை. கரண்ட் பில் வரும்போது மட்டும் "அந்தப் பொட்டி என்னமா இழுக்குது" என்பாள் கிழவி. அவ்வளவுதான்.

வகுப்பு அறுந்துபோக ஆரம்பித்ததும் ஜெயசித்ரா முதலில் நெட்டைத்தான் சந்தேகப்பட்டாள். நெட் சரியாக இருந்தது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இலக்கியாவுக்குப் போன் செய்தாள். இருவரும் காலேஜில் ஒரே பெஞ்ச்.

"பழைய குப்பையெல்லாம் சேர்ந்திருக்கும்டி. ஹிஸ்டரி, குக்கீஸ் எல்லாத்தையும் அழிச்சுப் பாரு" என்றாள் இலக்கியா.

அழித்தாள். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து படிக்கிற பையன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரை போனது.

"கூடுதலா ஏதாச்சும் சேர்த்து வெச்சிருக்கியா? விளம்பரம் தடுக்கிறது, வீடியோ இறக்குறது, அந்த மாதிரி?"

இரண்டு இருந்தன. எடுத்தாள். பலன் இல்லை. பிரௌசரையே நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கினாள். அன்றைக்கு அரைமணி நேரம் ஓடியது, பிறகு மூடிக்கொண்டது. இலக்கியா வேறொரு பிரௌசரின் பெயரைச் சொன்னாள். அதுவும் அப்படியே செய்தது.

"அப்போ பிரௌசர் மேல தப்பில்ல" என்றாள் இலக்கியா. "வேற ஏதோ ஒண்ணு அதைப் போட்டு அமுக்குது. சும்மா பேப்பர் படிக்கும்போது, மெயில் பாக்கும்போது மூடுதா?"

"இல்லடி. கிளாஸ்ல மட்டும்தான். கேமரா போட்டதுக்கப்புறம்தான்."

"கேமரா போட்டதுக்கப்புறமா?" என்றாள் இலக்கியா. "நாளைக்குக் காலையில போன் பண்ணு. நிதானமா பாப்போம்."

காலையில் கொளஞ்சியம்மாள் காட்டுக்குப் போனதும் ஜெயசித்ரா கம்ப்யூட்டர் முன்னால் வந்தாள். எதையும் திறக்கவில்லை. இலக்கியாவை அழைப்பதற்காகப் போனை எடுத்தவள், கேமராவைப் பார்த்து நின்றாள். அதன் ஓரத்தில் கடுகளவு இருக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வகுப்பு எடுக்கும்போது எரியும், முடிந்தால் அணையும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வகுப்பு நேரம் தவிர வேறெப்போதும் அதைக் கவனித்ததில்லை.

"நான் ஒண்ணுமே திறக்கலடி. வெளக்கு எரியுது" என்றாள் போனில்.

எதிர்முனையில் இலக்கியாவின் குரல் மாறியது. "டாஸ்க் மேனேஜரைத் திற. என்னென்ன ஓடுதுன்னு வரும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினாள். சற்று நேரம் கழித்து இலக்கியா அழைத்தாள். "மேல இருந்து நாலாவது பேர் இருக்கு பாரு. கம்ப்யூட்டரோட சொந்த புரோகிராம் மாதிரியே பேர் வெச்சிருக்காங்க, ஆனா அது இல்ல. அதுதான் கேமராவைப் பிடிச்சு வெச்சிருக்கு. நீ கிளாஸுக்குக் கேமராவைக் கேட்டா ரெண்டும் அடிச்சுக்குது. நாளாக ஆக அது மெமரியைக் கூடக்கூட தின்னுது, பத்தாம பிரௌசர் விழுந்துடுது."

"வைரஸா?"

"அப்படித்தான் இருக்கணும். எங்கயாச்சும் எதையாச்சும் இறக்கினியா?"

"பிள்ளைங்களுக்குக் கணக்குத் தாள்தான் இறக்குவேன்."

இலக்கியா சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரை நிறுத்தி வேறு முறையில் திறந்து, அந்தப் பெயர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து அழித்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மறுபடி போட்டபோது கேமரா விளக்கு எரியவில்லை. "போச்சுடி!" என்று சத்தமாகவே சொன்னாள். மூன்று வாரத் தொல்லை. டீ போட்டுக் குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனாள்.

பால் பொங்குவதற்குள் போன் அடித்தது. ரஞ்சித்குமார்.

அவன் ராத்திரிதான் பேசுவான். வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது, சூப்பர்வைசர் பார்த்தால் பிடுங்கிவிடுவான் என்று அவனே சொல்லியிருக்கிறான். எங்காவது விழுந்துவிட்டானோ?

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. எங்கோ ஒதுங்கி நின்று பேசுகிறான் என்று தெரிந்தது. "கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுன?"

"கிளாஸ் நடுவுல நின்னுகிட்டே இருந்துச்சுல்ல, அதான்…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அடுப்பை அணைத்தாள். "நான் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் ஏதோ இயந்திரம் இரையும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றபோதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. 'இன்னைக்குத் தலைகூட வாரலையா?' என்று ஒருநாள் கேட்டான். எப்படி என்று கேட்டதற்கு, 'எம்பொண்டாட்டி எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா' என்றான். அவள் சிரித்தாள். கேபிள் ரிப்பேருக்கு வந்த ஆளைப் பற்றி அவள் சொல்வதற்கு முன்பே விசாரித்தான். மாமியார் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டாள். பச்சைச் சேலையை ஏன் இப்போதெல்லாம் கட்டுவதில்லை என்று கேட்டான். அதை இலக்கியாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கூட இருக்கிறாள்.

"எப்பயிருந்து?" என்றாள்.

"சித்ரா, நீ நெனைக்கிற மாதிரி இல்ல."

"வாங்கிட்டு வந்தப்பவே போட்டீங்களா?"

"எங்க ரூம்ல தர்மன் இருக்கான்ல, அவன் வூட்ல நடந்தது ஒனக்குத் தெரியும். மூணு வருசம் பணம் அனுப்பினான், போய்ப் பாத்தா ஆள் இல்ல. அவன்தான் சொன்னான், இப்படி ஒண்ணு இருக்கு, போட்டுட்டா மனசு நிம்மதியா இருக்கும்னு. நான் ஒன்னைத் தப்பா நெனைக்கல. சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை பாப்பேன், அவ்ளோதான். இன்னைக்கு அது நின்னுபோச்சுன்னு போன்ல காட்டுச்சு, அதான் கூப்பிட்டேன். வூட்டைப் பாப்பேன். இங்க தனியா இருந்து பாரு, தெரியும்."

"பாக்கணும்னா வீடியோ கால் பண்ணியிருக்கலாமே. நான் எடுக்காம இருந்திருக்கனா?"

"அதுல…" என்று இழுத்தான்.

"அதுல நீங்க பாக்குறது எனக்குத் தெரிஞ்சிடும்."

வாசலில் மண்வெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. கொளஞ்சியம்மாள் அன்று சீக்கிரம் வந்துவிட்டாள். காலில் ஒட்டிய செம்மண்ணோடு அடுப்படி நிலையில் வந்து நின்றவள், மருமகள் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "என்னாச்சு? ரஞ்சித்துக்கு என்ன?"

ஜெயசித்ரா மறைக்கத்தான் நினைத்தாள். வார்த்தை தானாக வந்தது. "ஒண்ணும் ஆவல அத்தை. அந்தக் கேமரா வழியா அவர் அங்க இருந்தே நம்ம வூட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் தூங்குறது, எழுந்திரிக்கிறது, எல்லாம். எனக்குத் தெரியாம."

கொளஞ்சியம்மாளுக்கு அது உடனே விளங்கவில்லை. உள்ளறையை எட்டிப் பார்த்தாள். மேசையின் மேல் இருந்த கேமரா கட்டிலையும் ஃபேனையும் பார்த்தபடி இருந்தது. பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளிறியது. மருமகளின் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுக்கு ஸ்பீக்கர் போடத் தெரியாது. ஜெயசித்ராதான் போட்டுக் கொடுத்தாள்.

"டேய். அந்த ரூம்லதானடா நான் சீலை மாத்துவேன்."

போனை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"கேக்குதா? நான் அங்கதான் மாத்துவேன். ஒனக்குத் தெரியாதா?"

"அம்மா… நான் ஒன்னைப் பாக்கலம்மா. நீ வந்தா உடனே மூடிடுவேன். சத்தியமா. மன்னிச்சிரும்மா." அவன் அழ ஆரம்பித்தான்.

கொளஞ்சியம்மாள் போனை மேசையில் வைக்காமல், கட் செய்யவும் தெரியாமல், கையிலேயே வைத்திருந்தாள். அழுகைச் சத்தம் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. ஜெயசித்ரா அதை வாங்கி நிறுத்தினாள். அம்மாவிடம் உடனே மன்னிப்புக் கேட்டான். தன்னிடம் இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதே அவளுக்குப் பட்டது. அதை அப்போது கிழவியிடம் சொல்ல முடியாது.

இருவரும் அன்று மதியம் சாப்பிடவில்லை. கொளஞ்சியம்மாள் குளிக்கிற இடத்திற்குப் போய், தட்டியைச் சாத்திக்கொண்டு சேலை மாற்றினாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். வெளியே வந்து, "எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் நீ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அவளே, "சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வகுப்பு இருந்தது. ரத்து செய்யலாமா என்று நினைத்தாள். பிறகு முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிரௌசர் ஒருமுறையும் மூடவில்லை. பின்னக் கணக்கு முழுவதும் நடத்தி முடித்தாள். முடியும்போது ஒரு சிறுமி, "மிஸ், இன்னைக்கு நெட் சூப்பர்" என்றாள். அவளுக்குச் சிரிக்க வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் திருமழபாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். கொளஞ்சியம்மாள் தடுக்கவில்லை. பஸ் ஏறும் வரை கூட வந்து நின்றாள். அங்கே அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கண்ணுக்கெட்டாத தூரத்துல இருக்கான். பாசத்துல பண்ணிட்டான். அடிச்சானா, குடிச்சானா? இதைப் போய்ப் பெருசு பண்ணலாமா?" என்றாள். அப்பா கொள்ளிடத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார். ஜெயசித்ரா அவர்களுக்கு விளக்க முயலவில்லை. அவன் அடித்திருந்தால் அம்மாவுக்குக் காட்ட ஒரு தழும்பு இருந்திருக்கும். இப்போது காட்ட ஒன்றுமில்லை. குனியும்போதும் நிமிரும்போதும் யாரோ பார்ப்பதுபோல முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதை அம்மா கவனித்தாளா என்றும் தெரியவில்லை.

வாரக் கடைசியில் கொளஞ்சியம்மாளே போன் செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளைங்க கிளாஸ் என்னாவும் சித்ரா? ஒன் சம்பாத்தியம் அது. அவனுக்காக நீ விடணுமா? வா. வந்து அந்தப் பொட்டியைக் கொண்டுபோயிச் சுத்தமா தொடைச்சிட்டு வருவோம். நானும் வரேன்."

இருவரும் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிப் பெரம்பலூர் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். கொளஞ்சியம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இலக்கியா எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினாள். புதிய பாஸ்வேர்டு கேட்டபோது, ஜெயசித்ரா தட்டச்சு செய்யும் வரை இலக்கியாவும் கிழவியும் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள்.

"இனிமே எதுவும் இல்லதானே?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

"எதுவும் இல்லம்மா. சுத்தம்."

ஆனாலும் கிழவி அந்த அறையில் மறுபடி சேலை மாற்றவில்லை.

ரஞ்சித்குமார் தினமும் அழைத்தான். ஜெயசித்ரா எடுக்கவில்லை. ஒருநாள் எடுத்து, "நேர்ல வந்து பேசுங்க. போன்ல ஒங்க மூஞ்சி எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். அவன் லீவு வாங்கிக்கொண்டு புரட்டாசியில் வந்தான். மெலிந்திருந்தான். அம்மா சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை. அவன் உள்ளறை வாசலில் நின்று, "ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கவே இல்ல நான்" என்றான். "பயந்துட்டேன் சித்ரா. பாத்துட்டா பயம் போயிடும்னு நெனச்சேன். போகல. பாக்கப் பாக்க இன்னும் அதிகமாத்தான் ஆச்சு."

"நான் ஒங்களுக்காகச் சிரிச்சது, கோவிச்சது எல்லாம் போன்ல கேட்டீங்கள்ல?" என்றாள் அவள். "அதெல்லாம் நெசமா பொய்யான்னு பாக்கத்தான் இதை வெச்சீங்க. இனிமே நான் எதைச் சொன்னாலும் நீங்க நம்பித்தான் ஆவணும். வேற வழி கெடையாது. அது முடியும்னா சொல்லுங்க."

முடியும் என்றான். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல முடிகிற நாள் வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த லீவு முழுவதும் அவன் முன்னறையில் படுத்தான்.

கிளம்புகிற அன்று, திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நின்றது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"போன் பண்ணா எடுப்பியா?"

"எடுப்பேன். எடுக்காத அன்னைக்கு ஏன்னு கேக்கக் கூடாது."

அவன் தலையாட்டினான். கொளஞ்சியம்மாள் வாசல் வரை வந்து, மகனின் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். கார் தெரு முனையில் திரும்பியது. ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பிள்ளைகள் திரையில் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். ஜெயசித்ரா உள்ளே போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.