எல்லோருக்கும் ஒரே பட்டி

விடியுமுன்பே கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் பெட்டியோடு நிற்பேன். ஒரு சக்கரம் உடைந்த பெட்டி. உள்ளே ஒளிரும் பலகை, அதிரும் மெத்தை, மணல் தட்டு, பித்தளை மணி, சொரசொரப்பும் மென்மையுமாய்ப் பல துணிகள். ஈர நடைபாதையில் இழுத்துப் போகும்போது தோள்மூட்டு முதலில் எரியும், பிறகு மரத்துவிடும். பஸ்ஸுக்குள் தூக்கி ஏற்றுகையில் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். தனியார் நிறுவனம் ஒன்றுக்காகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்பது என் வேலை. தொடங்கியபின் வந்த முதல் குளிர்காலம் அது.

எனக்கென்று வகுப்பறை இல்லை. ஆசிரியர்களின் ஓய்வறையில் எனக்கென்று ஒரு கோப்பை இல்லை. பெனிற்றா என்ற என் பெயரை வரவேற்பறையில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார்கள். வருகையாளர் என்று எழுதிய தாளை நெஞ்சில் ஒட்டிவிடுவார்கள். அடுத்த பள்ளிக்கூடத்தில் அதை உரித்துவிட்டு இன்னொன்று. மதியச் சாப்பாடு பஸ்ஸின் மேல்தட்டில். அதே நிறுவனத்தில் என்னைப் போலப் பலர் இருப்பதாகத் தெரியும். ஒருவரின் முகத்தையும் கண்டதில்லை. சில மாலைகளில் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, அன்று முழுக்க வளர்ந்த ஒருவரோடும் ஒரு முழு வசனம் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

ஸ்ட்ரெதம் பள்ளிக்கூடத்தில் லைலா இருந்தாள். சோமாலியக் குடும்பத்துப் பிள்ளை, ஏழு வயது. பிறவியிலேயே கண் தெரியாது, காதும் கேளாது. இப்படியான பிள்ளைகளிடம் போகிறவர்கள் மணிக்கட்டில் ஏதாவது ஒன்றை மாற்றாமல் அணிய வேண்டும். அதைத் தொட்டுத்தான் வந்திருப்பது யாரென்று பிள்ளை அறியும். அந்தப் பிள்ளைகளிடம் அதுதான் எங்கள் பெயர். நான் கம்பளி நூலில் பின்னிய பட்டியொன்றில் பழைய கோட்டுப் பொத்தானைத் தைத்திருந்தேன். கிறிஸ்மஸ் நெருங்கும்போது, லைலா அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடிவிட்டு என் முழங்கைக்குள் தன் கையைக் கோர்க்கத் தொடங்கியிருந்தாள். நான் யாரென்று கேளாமலே தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

ஜனவரியில் நிறுவனம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல றப்பர் பட்டி அனுப்பியது. எந்தப் பிள்ளையிடமும் எந்த ஆசிரியரும் போகலாம், ஒரு ஆசிரியருக்குச் சுகமில்லாவிட்டாலும் பாடம் தவறாது என்று முகாமையாளர் ஷான் பதிவுசெய்து அனுப்பிய காணொளியில் விளக்கினார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. சில வாரங்கள் இரண்டையும் அணிந்துகொண்டு, லைலாவின் விரலைப் பொத்தானிலிருந்து றப்பருக்கு மெல்ல நகர்த்தினேன். அவள் பழகியதும் பொத்தான் பட்டியை வீட்டில் வைத்தேன்.

பிறகு ஒரு வாரம் என்னை அப்டன் பார்க்கில் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த நாளில் லைலா பட்டியைத் தொட்டாள். உடனே கையை இழுத்து, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

வகுப்பு உதவியாளர் இம்மாகுலேற் அக்கா, மன்னார்க்காரி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன கிழமை வேறை ரீச்சர் வந்தவ. பட்டியைத் தொட்டிட்டுப் பிள்ளை சந்தோசமா நடந்தது. பாதி வழியில அவவின்ர விரலைத் தடவிப் பாத்து, நீங்களில்லை எண்டு தெரிஞ்சதும் அப்பிடியே நிலத்தில இருந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் கை குடுக்கேல்லை. எனக்கும்தான்."

பாடநேரம் முடியும்வரை அவளருகே தரையில், தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கை கொடுக்க மறுத்த அந்தப் பிள்ளைக்கு உலகம் அவள் தோலோடு முடிந்துவிட்டது. அந்தப் பட்டியை நம்பப் பழக்கியது என் கைதான்.

வந்து போன ஆசிரியை அழுதபடி தன் எண்ணை இம்மாகுலேற் அக்காவிடம் விட்டுப் போயிருந்தாள். மாலினி. அழைத்தேன். தன்னிடம் படித்த ஒரு பிள்ளையின் நம்பிக்கையைத் தானும் இப்படித்தான் இழந்ததாகச் சொன்னாள். அவளுக்கு ஷாமளா என்ற இன்னொரு ஆசிரியையைத் தெரிந்திருந்தது, ஷாமளாவுக்கு இன்னும் இரண்டு பேரை. சனிக்கிழமை ஒரு தேநீர்க் கடையில் கூடினோம்.

"ஒரே கொம்பனியில வேலை. இண்டைக்குத்தான் முகம் பாக்கிறம். கலியாணம் பேச வந்த மாதிரிக் கிடக்கு," என்றாள் மாலினி.

சிரித்தபின் பேச்சு வந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு லைலா இருந்தாள். பிள்ளையின் சொந்த ஆசிரியர் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தாமல் ஒருவரும் இன்னொருவரின் பிள்ளையிடம் போவதில்லை என்று முடிவெடுத்தோம்.

திங்கட்கிழமை நிறுவன அலுவலகத்தின் மேல்மாடிக்குப் போய், ஷானின் மேசையில் நீலப் பட்டியைக் கழற்றி வைத்தேன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர் அவர். கோபப்படத் தெரியாத, சிரித்த முகம்.

"பிள்ளைங்க பழகிக்குவாங்க, பெனிற்றா. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்னா என்ன செய்யுறது?"

"காய்ச்சல் எண்டா நான் வரேல்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லலாம். வேறை ஆளை அனுப்பிப்போட்டு, நான்தான் வந்திருக்கிறன் எண்டு சொல்லேலாது."

"டீச்சர் போறாங்களான்னுதான் நான் பார்க்கணும். எந்த டீச்சர்னு பார்த்தா கம்பெனி நடத்த முடியாது."

"உங்கட சட்டையைப் போட்டுக்கொண்டு வேறையொருத்தர் உங்கட வீட்டுக்குப் போனா, உங்கட பிள்ளையளும் பழகிக்கொள்ளுவினமோ?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை நான் ஸ்ட்ரெதம் போக வேண்டாம் என்றார். என் முன்னாலேயே மாலினியை அழைத்து, எனக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"நான் போகேலாது, ஷான் அண்ணை," என்றது அவள் குரல். "முதல்ல பெனிற்றா என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பிறகு என்ர சொந்தப் பட்டியோட போறன்."

அடுத்து ஷாமளாவை அழைத்தார். அவளும் அதையே சொன்னாள். ஷான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் வெளியிலிருந்து எடுப்பேன் என்றார்.

வெளியே தூறல். அலுவலகத்துக்கு எதிரே பஸ் தரிப்பில் நின்று, போனில் என் வேலை அட்டவணையைத் திறந்தேன். வரும் கிழமைகளின் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. வேலை போவதை விட, நாளை லைலாவின் முன்னால் யார் போய் நிற்பார்கள் என்பதுதான் பெரிதாகப் பட்டது. அப்போது தெரியாத எண்ணொன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் றூபன். உங்களுக்கு என்னைத் தெரியாது. நானும் இந்தக் கொம்பனியில படிப்பிக்கிற ஆள்தான். நாளைக்கு ஸ்ட்ரெதம் போகச் சொல்லி இப்பதான் ஒபிஸால கேட்டவை. மாலினிக்குப் போன் எடுத்து விசயத்தையும் உங்கட நம்பரையும் கேட்டனான். ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்."

நன்றி சொன்னேன்.

"இப்ப எங்க நிக்கிறியள்?" என்றார்.

இந்த வேலைக்கு வந்தபின் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தரிப்பின் பெயரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.

"அங்கேயே நில்லுங்கோ. இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். திரும்ப மேல, ஷானிட்டப் போவம்."

என் பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்து அதைப் போகவிட்டேன்.