சகலையின் கருவி

ஏழு லாரி வைத்திருந்த ஜோல்தோஷின் மூன்றாம் லாரியில் அந்தக் கருவியை நுர்காசி தன் கையாலேயே மாட்டினான். டேஷ்போர்டில் உள்ளங்கை அகலப் பெட்டி, சுருள் கம்பியில் ஒரு மைக், கூரைமேல் ஆன்டெனா. பொத்தானை அழுத்தினால் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஒரே நேரத்தில் எல்லா லாரிகளோடும் பேசலாம். மற்ற போன்கள் செத்துக் கிடக்கும் சுசாமிர் மலைப்பாதை வளைவுகளில்கூட இது சிக்னலை எப்படியோ பிடித்துவிடும்.

இதே மூன்றாம் லாரியைத்தான் ஒரு காலத்தில் நுர்காசி சம்பளத்துக்கு ஓட்டினான். பிறகு ஜோல்தோஷின் மைத்துனியைக் கட்டிச் சகலையானான். அப்புறம் வேலையை விட்டு, கூட்டாளிகள் இருவரோடு ஒரு ஷெட்டில் உட்கார்ந்து இந்தப் பெட்டியைச் செய்தான். அதுவரைக்கும் ஜோல்தோஷுக்கு ஒன்றுமில்லை. போன நூருஸ் பண்டிகையில், மாமனார் வீட்டில் ஆட்டின் இடுப்பெலும்பு வந்த தட்டை மாமனார் நுர்காசியின் பக்கம் நகர்த்தினார். பன்னிரண்டு வருஷமாக அது மூத்த மருமகனான அவனுக்கு வந்த மரியாதை எலும்பு. ஜோல்தோஷ் முழங்கால் எலும்பைக் கடித்துக்கொண்டு, "கறி நல்லா வெந்திருக்கு" என்றான். அன்றிலிருந்து உள்ளே ஏதோ ஒன்று வேகாமல் கிடந்தது.

மாட்டி முடித்துக் கையைத் துடைத்தபடி நுர்காசி சொன்னான்: "அண்ணே, கம்பெனிக்குப் பணம் தேடிக்கிட்டிருக்கேன். அஞ்சுல ஒரு பங்கு உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன். வெளி ஆளுக்கு முன்னாடி நீங்க வரணும்."

"பாக்கலாம்" என்றான் ஜோல்தோஷ்.

பார்த்தான். மூன்று வாரம் பார்த்தான். மூன்றாம் லாரியின் டிரைவர் ஓஷ் நகரிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் புகழ்ந்தான். தோ-அஷூ மலைச் சுரங்கத்துக்கு முன்னால் பனிச்சரிவு என்று செய்தி சொல்லி அவனைத் திருப்பிவிட்டது அதுதான். இது ஓடும் என்று ஜோல்தோஷுக்குத் தெரியும். பங்கு வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அதை வாங்க, தன் லாரியைக் கழுவியவனின் ஷெட்டுக்குப் போய், "சரி தம்பி, என்னையும் சேத்துக்கோ" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தினமும் காலையில் தொண்டைவரை வந்து, தேநீரோடு உள்ளே போயிற்று.

"தங்கச்சி கேட்டா. அவ வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?" என்றாள் அவன் மனைவி சய்னகுல்.

"அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"வாய்ல முத்தா உதிர்ந்துடும், சொன்னா?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு லாரி யார்டுக்குக் கிளம்பினான்.

அந்த வெள்ளிக்கிழமை கபார்பெக் யார்டுக்கு வந்தார். நாற்பது லாரிகளுக்குச் சொந்தக்காரர். வரும் காரணம் ஜோல்தோஷுக்கு உடனே புரிந்தது. அந்த ஊரில் யாராக இருந்தாலும் ஒருவன் தொழிலில் பணம் போடும் முன் அவன் உறவுக்காரன் வீட்டில் ஒரு தேநீர் குடிப்பார்கள். உறவுக்காரன் குறை சொல்லமாட்டான். சொன்னால் அவன் முகத்தில்தான் கரி. நல்லவன் என்றால் உடனே நல்லவன் என்பான். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வான். கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்து போவார்.

"உன் சகலை எப்படிப்பட்டவன் ஜோல்தோஷு?" என்றார் கபார்பெக், பூர்சோக் என்ற பொரித்த ரொட்டித் துண்டைத் தேநீரில் தோய்த்தபடி.

ஜோல்தோஷ் கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். வெளியே யாரோ டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டல்களை எண்ணினான். பதினாறு. இடுப்பெலும்பு நினைவுக்கு வந்தது. மாமனாரின் கை அந்தத் தட்டை எவ்வளவு இயல்பாக நகர்த்தியது.

"அவன் பெட்டி வேலை செய்யுதா?"

ஜோல்தோஷ் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினான். அவ்வளவுதான்.

கபார்பெக் நெடுநேரம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, "புரிஞ்சது" என்று எழுந்தார்.

அன்று முழுக்க ஜோல்தோஷுக்கு உடம்பு லேசாக இருந்தது. லேசாக இருந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு மதியம் நுர்காசி மனைவியோடு வந்தான். கையில் புதிய சப்பான் அங்கி, கருநீல வெல்வெட். வாசலிலேயே அதை விரித்து ஜோல்தோஷின் தோளில் போர்த்தினான்.

"எதுக்குடா இது?"

"கபார்பெக் கையெழுத்துப் போட்டுட்டாருண்ணே! உங்களால!"

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"அதத்தான் அவரும் சொன்னாரு." நுர்காசி சிரித்தான். "'உன் சகலைகிட்டப் போனேன், மனுசன் வாயே தொறக்கல. அவனோட லாரிலயே பெட்டி ஓடுது, எப்படி ஓடுதுன்னுகூடச் சொல்லல. இவ்வளவு அமுக்குறான்னா, முழுசையும் அவனே சுருட்டப் பாக்குறான்னு அர்த்தம். நான் விடுவனா?'ன்னாரு. இருந்த பங்கு பூராவையும் ஒரே மூச்சுல எடுத்துக்கிட்டாரு."

"பூராவுமா?"

"உங்களுக்கு வச்சிருந்ததையும்தான். மூணு வாரமா பேச்சில்ல, உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுட்டேன்."

அங்கி கனத்தது. ஜோல்தோஷ் அதன் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு. அன்னிக்கு நான் வாய மூடினது உனக்கு நல்லது நடக்கட்டும்னு இல்ல நுர்காசி. கெடட்டும்னுதான்."

நுர்காசி ஒரு கணம் பார்த்தான். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்து, உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சொன்னான்: "கேட்டியா, சகலைன்னா இப்படித்தான் பேசணும்!" சமையலறையில் அக்காளும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். சகலைகள் ஒருவரையொருவர் எவ்வளவு கடித்தாலும் அது விளையாட்டு என்பது அந்த ஊர் வழக்கம். ஜோல்தோஷ் தன் வாழ்நாளில் அத்தனை உண்மையான வேறொரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. அதை அவர்கள் கைதட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அவன் உட்கார்ந்தான். தேநீர் வந்ததும், "மத்த ஆறு லாரிக்கும் எப்ப மாட்டுவே?" என்று கேட்டான்.

நுர்காசியின் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "கொஞ்சம் பொறுக்கணும்ணே. இனிமே வரிசைய முடிவு பண்றது கபார்பெக்தான். முதல்ல அவரோட நாப்பது."