மூன்றாவது பெடல்

மருந்துக்கடைக்காரருக்கு அவருடைய பழைய கார் என்றால் உயிர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மச்சினன் வந்து உரிமையோடு சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். தரமாட்டேன் என்றால் மனைவியின் முகம் தொங்கிப்போகும். மச்சினனுக்கு ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்பது ஒருநாள் அவருக்கு உறைத்தது. நேராக மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"நல்லா ஓடற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எதுக்கு சார் கழட்டணும்?"

"குடும்ப விஷயம். கேக்காதீங்க."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார். அதே மாடல் கார் ஒன்றின் மேனுவல் கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். அகலமான பிரேக் பெடலை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றைப் போட்டு, பக்கத்தில் கிளட்ச் பெடலுக்கும் இடம் பண்ணினார்.

அந்த ஞாயிறு மச்சினன் தன் அம்மாவோடு வந்தான். கார் கதவைத் திறந்தவன் திகைத்து நின்றான்.

"என்ன மாமா, மூணு பெடல் இருக்கு?"

"கிளட்ச்ப்பா. வண்டிக்கு நல்லதுன்னு சொன்னாங்க," என்றார் அவர், ஒன்றும் அறியாதவர் போல.

அதற்குள் மாமியார் கைப்பையை மகனிடம் திணித்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"கியர் போடாம ஓட்டறதெல்லாம் ஒரு டிரைவிங்கா மாப்பிள்ளை? அதான் இத்தனை நாளா இதைத் தொடல. டேய், ஏறுடா!"

கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. இரண்டாவது கியர் வெண்ணெய் போல விழுந்தது. தன் கார் இவ்வளவு கம்பீரமாக உறுமி மருந்துக்கடைக்காரர் கேட்டதே இல்லை. எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"அத்தை, நிறுத்துங்க! நானும் வரேன்!" என்று செருப்புகூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார்.